வெள்ளி பூசிய வயர்

முற்பகல் 11.10. கல்முனையிலிருந்து ஒலுவிலுக்குப் புறப்பட்ட பஸ்ஸில், முன் இருக்கைக்காரரின் மடியில் புதிய ஸ்பீக்கர் வயர்ச் சுருள் ஒன்று இருந்தது. பள்ளிவாசலில் மைக் பொறுப்பு அவருடையது என்பது பேச்சில் தெரிந்தது.

“வெள்ளி பூசின வயர் புள்ள. போன கிழமை போட்ட செம்பு வயரை விட இமாம்ட குரல் இனிமையா வரும்.”

பக்கத்திலிருந்த மனைவி திரும்பினார். “வித்தியாசத்த எங்க நிண்டு கேட்டீங்க?”

“முன் சஃப்பில, இமாமுக்குப் பின்னால முதல் வரிசையில.”

“மேல்மாடியில பொண்டுகள் நாங்க இமாமைக் கண்ணால காணுறமா? சத்தத்த வெச்சுத்தான் தொழுறம். எங்கட ஸ்பீக்கருக்கு மேல வாற இருபது மீட்டர் வயர் அறுந்து கிடக்கு. நேத்து அவர் எழும்பி ஓதுறார், நாங்க இன்னும் நெத்திய நிலத்தில வெச்சு ஸுஜூதில கிடக்கிறம்!”

“ஓம், ஓம், பார்ப்பம்.”

“ரெண்டு கிழமையா பார்க்கிறீங்க. இதாவது மேல வருமா?”

“இன்ஷா அல்லாஹ்.”

சுருளில் ஒட்டியிருந்த தாளில் ‘மூன்று மீட்டர்’ என்று இருந்தது.