மிளகாய் போடாத குழம்பு

“மொளகாவே போடாத கொழம்பு எரியுதுன்னா, அது கொழம்பு குத்தமாய்யா?”

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த அம்மாள் தன் கணவரைக் கேட்டார். கணவர் மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.

“வாயெல்லாம் புண்ணு. உன் கைக் காரம்னு நெனச்சிட்டேன்.”

“நானும் தெனம் கொறச்சிக்கினே வந்தேன். என்னை வெளிய ஒக்கார வெச்சிட்டுப் போனியே, டாக்டரு இன்னா சொன்னாரு?”

“சொரியாசிஸுக்கு ரெண்டு மாத்திரை குடுத்தாரில்ல, தெனம் ஒன்னு, வாரத்துக்கு ஒன்னு. அந்த வார மாத்திரைய வாரத்துக்கு மூணு போட்டிருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா உசுருக்கே ஆபத்தாம். இப்போ அத நிறுத்திட்டாரு.”

“மூணா? மறக்காம இருக்கத்தான சந்தை அன்னிக்குப் போடுன்னு சொன்னேன்!”

“கருவாட்டு யாவாரிக்கு வாரத்துல மூணு சந்தைம்மே.”

பேருந்து இரண்டு வளைவு ஏறியது. பிறகு அம்மாள் கேட்டார்.

“நான் சொல்லித்தான் நீ போட்டேன்னு டாக்டருகிட்ட சொன்னியா?”

“எனக்குப் படிக்கத் தெரியாது, சீட்டப் பாக்காம நானே தப்பா போட்டுட்டேன்னு சொன்னேன். நல்லா திட்னாரு.”

“யோவ், நீ பத்தாவது பாஸ் பண்ணவன்!”

“அதுக்கு? வெளிய சும்மா ஒக்காந்திருந்தவள உள்ள கூப்ட்டு திட்டு வாங்க வெக்கச் சொல்றியா?”