பின் சீட்டு இரும்பு

மலாயாவின் அவசரகாலத்தில் அலோர் காஜாவிலிருந்து மலாக்காவுக்கு பஸ் ஏறினால் வழியில் ஒருமுறையாவது இறங்கி நிற்க வேண்டும். காட்டில் பதுங்கித் தோட்டத் துரைமாரைச் சுடும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கடத்துகிறார்களா என்று போலீஸ் பஸ்ஸைக் குடைந்து முடிக்கும்வரை சாலையோர வெயில்தான். துரைமார் கார்களை மட்டும் கையசைத்து அனுப்பிவிடுவார்கள்.

அப்படி ஒரு கார் போனதும், எனக்கு முன்னால் நின்ற எஸ்டேட் டிரைவர் சொன்னார்: "ஒலகத்துலயே ஒசத்தியான காரு எங்க தொரை காருதான்லா."

பக்கத்தில் நின்ற துணிக்கடைக்காரர் விடவில்லை. "ஜாகுவார் பாத்திருக்கீங்களா? தஞ்சோங் கிளிங்ல ஒரு சீன மொதலாளி, தவுக்கே, வச்சிருக்கான். போறது தெரியும், சத்தம் கேக்காது."

"அதச் சுட்டா குண்டு உள்ள வந்துரும். எங்க காருக்கு இப்பப் பட்டறையில இரும்புத் தகடு அடிக்கிறாங்க. அதான் நானே பஸ்ஸுல வர்றேன்."

"சுத்தியுமா?"

"பின் சீட்டச் சுத்தி. தொரை அங்கதான உக்காருவாரு."

"முன்னால?"

"முன்னாலயும் அடிச்சா மேடு ஏறாதுன்னு தொரை சொல்லிட்டாரு." டிரைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஆனா முன் சீட்டும் அசல் தோலுதான்."



போலீஸ் கொட்டிப் பார்த்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிராமலே சொன்னார்: "அப்ப இந்த பஸ்ஸே தேவலாம் தம்பி. முன்னால உக்காந்தாலும் பின்னால உக்காந்தாலும் ஒரே தகரந்தான்."