மூடவிருந்த படிப்பில் முதல் இடம் தந்த பேராசிரியர் சுடர்விழி அவர்களுக்கு

செம்மண்ணில் பிறந்து நீலக்கடலை நேசித்தவரே! கடைசிப் பலகைக்கும் கேட்கும்படி பேசுபவரே, கடைசிப் பலகைக்காரர் பேசினாலும் காதுகொடுத்துக் கேட்பவரே! தென்வெள்ளாற்றுப் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் உயிரியல் துறையைத் தோற்றுவித்து, தோற்றுவித்ததைத் தோற்கவிடாமல் காத்த தலைவியே! பேரன்பும் பெருவியப்பும் பொங்கத் தங்கள் முன் நின்று வணங்குகிறோம்.

அம்மையீர்! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். ஆதலால் இம்மடலில் புகழப்போவதில்லை, நடந்ததைச் சொல்லப்போகிறோம். நடந்ததே புகழாக அமைந்துவிட்டால் அந்தக் குற்றம் எங்களுடையது அன்று.

இன்று தைலமரக் காட்டின் நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் இப்பல்கலைக்கழகம், பிறந்தபோது சொந்தக் கூரை இல்லாத பிள்ளை. இலுப்பூரில் விற்பனைக்கூடத்தார் ஒழித்துத் தந்த கடலைக் கிடங்கில்தான் அது கண்விழித்தது. தமிழும் கணிதமும் விலங்கியலும் அதன் முதல் மூன்று துறைகள். ஒருபுறம் இலக்கணம், நடுவில் நுண்கணிதம், மறுபுறம் தவளையின் இதயம். இவற்றுக்கிடையே சுவர்கூட இல்லை, சாக்குப்படுதாதான். அங்கேதான் முப்பது வயது விலங்கியல் விரிவுரையாளராகத் தாங்கள் வந்து சேர்ந்தீர்கள். வேதியியலும் வணிகவியலும் நிலவியலும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த அந்த வளர்ச்சிக் காலத்தில், கடல்வாழ் உயிரியல் என்றோர் இளம் அறிவியல் பட்டப்படிப்பு வேண்டும் என்று கேட்டவரும் தாங்களே. கடலை இருந்த கிடங்கில் கடலைக் கற்பிக்கத் துணிந்தீர்கள்!

ஊர் சிரித்தது. பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் தங்கள் காதுபடவே ஒருவர் சொன்னாராம்: "ஆத்துலயே தண்ணியக் காணோம். இதுல இலுப்பூர்ல கடல் படிப்பாம்ல!" தாங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு, தேநீரைக் குடித்து முடித்து, கோட்டைப்பட்டினம் போகப் பேருந்து ஏறினீர்கள். அங்கே கடற்கரையோரம் ஒரு பழைய பனிக்கட்டிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்துக் கள ஆய்வு நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டினீர்கள். மானாவாரி வேளாண் குடும்பத்தில் பிறந்த தாங்கள் முதன்முதலாக நாட்டுப்படகில் ஏறியது அப்போதுதான். படகுக்காரர் யாக்கூப் அந்த நாளை இன்றும் மறக்கவில்லை. குமட்டிக் குமட்டிக் கண்ணை மூடிக்கொண்ட தங்களிடம் அவர், "கண்ண மூடாதீங்க டீச்சர். அங்கிட்டுக் கரை தெரியுது பாருங்க, அதையே பாத்துக்கிட்டு வாங்க, சரியாயிரும்" என்றாராம். மறுநாளும் தாங்கள் படகுத்துறைக்கு வந்து நின்றதைக் கண்டு அவருக்குத்தான் தலை சுற்றியதாம்.

துணிவின் திருவுருவே! துணிவுக்கும் சோதனைக்காலம் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல மாணவர் சேர்க்கை மெலிந்தது. இலுப்பூரிலிருந்து கடல் தொலைவு. கடலோரத்திலிருந்து கல்லூரி தொலைவு. ஆங்கிலத்தில் மட்டுமே நடந்த பாடம் அதனினும் தொலைவு. முதலாமாண்டு வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிள்ளைகள் இருந்தனர். ஆட்சிக்குழு, இப்படிப்பைத் தொடர்வதா மூடுவதா என ஆராய மூவர் குழுவை அமைத்தது. அதன் தலைவர் ஆவூரைச் சேர்ந்த முனைவர் மரியசெல்வம்; ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், நேர்மைக்குப் பெயர் பெற்றவர். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, கோடையின் தொடக்கத்தில், அக்குழு கோட்டைப்பட்டினம் நிலையத்துக்கு வந்தது.

ஆய்வகத்தைப் பார்த்தார்கள், பதிவுகளைப் பார்த்தார்கள், கள வகுப்பில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த பலகைகளையும் பார்த்தார்கள். மரியசெல்வம் ஐயா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, ஒங்க உழைப்புல குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க. ஆனா புள்ளைக இல்லாத வகுப்ப எம்புட்டுக் காலத்துக்குங்க நடத்துறது? மூடச் சொல்லித்தான் எழுதப்போறோம். ஒங்ககிட்ட நேர்லயே சொல்லிட்டுப் போகணும்னு நெனச்சேன்."

தாங்கள் பதில் சொல்ல வாய் திறக்குமுன், நனைந்த கைலியோடு யாக்கூப் உள்ளே ஓடிவந்தார். "டீச்சர்! வலையில ஆவுளியா மாட்டிக்கிச்சு! உசுரோட இருக்கு. எங்க ஆளுக மூக்கத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. குட்டி வேற சுத்திச் சுத்தி வருது!"

இவ்வவையில் அறியாதார்க்காக ஒரு சொல்: கடற்பசுவைத்தான் கடலோரத்தார் ஆவுளியா என்பர். கடலடிப் புல்லை மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து வாழும் பெருவிலங்கு. மீனைப் போல நீருக்குள் மூச்சுவிட அதற்கு வராது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர இயலாவிட்டால் மூச்சுமுட்டி இறந்துபோகும். சட்டம் காக்கும் உயிர் அது. ஆகவே வலையில் சிக்கினால் வழக்கு வருமோ என்று அஞ்சி, வாய் திறவாமல் இருந்துவிடுபவரும் உண்டு. அப்படிப்பட்ட செய்தியை யாக்கூப் தங்களிடம் கொண்டுவந்தார் என்றால், அந்த நம்பிக்கையை எந்தத் தரச்சான்று அளந்து காட்டும்!

தாங்கள் எழுந்தீர்கள். "ஐயா, மன்னிக்கணும். அங்க ஒரு உசுரு மூச்சுக்குத் தவிக்குது. ஒங்க அறிக்கை கொஞ்ச நேரம் காத்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தீர்கள். மாணவர்கள் பின்னால் ஓடினார்கள். துறையின் தலைவிதியை எழுதவந்த மூவரும் ஆறிய தேநீருடன் தனித்து விடப்பட்டனர். முதலில் செருப்பைக் கழற்றியவர் மரியசெல்வம் ஐயாதான்.

மார்பளவு நீர். அதில் இரண்டு ஆள் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் உடல். துடுப்பிலும் வாலிலும் வலை இறுகியிருந்தது. வலையைச் சேதமின்றிக் கழற்றப் பார்த்தால் நேரமாகும். நேரமானால் உயிர் போகும். யாக்கூப் கையில் கத்தி இருந்தது, ஆனால் அவர் அதை வலையில் வைக்கவில்லை. "வலை போனாப் போவுது டீச்சர். நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்து நின்னா யாரு எனக்குப் பேசுவா? அதான் பயமா இருக்கு."

"நான் சாட்சி சொல்றேன். அந்தா நிக்கிறாங்கல்ல, அந்த மூணு ஐயாமாரும் சாட்சி. அறுங்க!"

கரையோரத்தில் வேட்டி நனைய நின்றிருந்த மரியசெல்வம் ஐயாவின் குரல் உடனே எழுந்தது: "ஆமாப்பா, நானும் சாட்சி! அறுத்து விடுங்க!"

கத்தி இறங்கியது. கண்ணி கண்ணியாய் வலை விட்டது. தாங்கள் அதன் தலையை இரு கைகளாலும் தாங்கியிருந்தீர்கள். விடுபட்ட ஆவுளியா, எல்லாரும் நினைத்ததுபோல் பாய்ந்து ஓடவில்லை. அசையாமல் மிதந்தது. மூக்குத் துளைகள் விரிந்து 'புஸ்ஸ்' என்று ஒரு நெடுமூச்சு. சுற்றிநின்ற அத்தனை பேர் முகத்திலும் அந்த மூச்சின் ஈரம் பட்டது. குட்டி வந்து தாயின் துடுப்புக்கடியில் ஒட்டிக்கொண்டது. பிறகு, நீர் கலங்காமல், இரண்டும் மெல்ல மெல்லக் கீழிறங்கி, பச்சைப் புல்வெளிக்கு மேலே இரு நிழல்களாய் நகர்ந்து மறைந்தன. யாக்கூப் "சுப்ஹானல்லாஹ்" என்றார். மரியசெல்வம் ஐயா நெஞ்சில் சிலுவை வரைந்தார். ஒரு மாணவன் தன்னையறியாமல் கைகூப்பி நின்றான். பல்லாண்டுகளாக அவ்விலங்கைப் பற்றிப் பாடம் நடத்திய தாங்களோ, முதன்முதலாக அதை உயிரோடு தொட்ட கைகளை நீருக்கு மேலே பிடித்தபடி நின்றீர்கள். அன்று அந்த நீரில் நின்றவர் எவரும் அதை இன்றுவரை சாதாரணக் குரலில் சொல்வதில்லை.

கரையேறியதும் தாங்கள் கேட்டீர்கள்: "யாக்கூப், ஒங்க வலைக்கு நாங்க என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"வலைய விடுங்க டீச்சர். எம் மவ ஷிஃபா பிளஸ் டூ முடிச்சுட்டு வீட்ல இருக்கா. ஒங்க படிப்புல அவளுக்கு ஒரு எடம் கெடைக்குமா?"

சற்று முன்னர்தான் அந்தப் படிப்பை மூடப்போவதாகக் கேட்டிருந்தீர்கள். ஆயினும் இமைப்பொழுதும் யோசிக்கவில்லை. "இருக்கு. மொத எடமே அவளுக்குத்தான்."

மரியசெல்வம் ஐயா திகைத்துப் போனார். "என்னம்மா இது? மூடப்போற படிப்புல எப்படிங்க எடம் குடுப்பீங்க?"

"எடம் குடுத்துட்டேங்க ஐயா. இனிமே படிப்பத்தான் தேடணும்."

வாய்மையின் வடிவமே! கதையாயின் இவ்விடத்தில் குழுவின் மனம் மாறியிருக்கும். நடந்தது அதுவன்று. கண்ட காட்சிக்காகக் கணக்கை மாற்றி எழுத இயலாது என்றார் மரியசெல்வம் ஐயா; மூடுக என்றே பரிந்துரைத்தார். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: இத்துறையினர் புதிய திட்டத்தோடு வந்தால் கல்விப் பேரவை அதைக் கேட்டே ஆக வேண்டும். பெயர்ப்பலகை இறங்கியது. தாங்கள் விலங்கியல் துறைக்கு மாற்றப்பட்டு மீண்டும் தவளையின் இதயத்தைக் கற்பிக்கத் தொடங்கினீர்கள்.

கோட்டைப்பட்டினத்தில் ஷிஃபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டனர். செய்தி கேட்டு யாக்கூப் வீட்டுக்கே போய் நின்றீர்கள். "ஒரு வருசம் குடுங்க. அதுக்குள்ள நான் படிப்போட வராட்டி, ஒங்க இஷ்டப்படி செய்யுங்க." உறவினர் முணுமுணுத்தனர். கதவுக்குப் பின்னாலிருந்து ஷிஃபாதான் முன்னால் வந்தாள். "நான் இருக்கேன் மிஸ். நீங்க போய் அந்த வேலையப் பாருங்க." யாக்கூப் மகள் முகத்தைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளை பற்றிய பேச்சு அவ்வீட்டில் எழவில்லை.

அவ்வாண்டு முழுதும் விடுமுறை நாள் ஒன்றுகூடத் தங்களுக்கு விடுமுறையாக இல்லை. கடலோர ஊர்தோறும் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்று பெற்றோரிடம் கேட்டீர்கள். எல்லாரும் சொன்ன காரணங்களைக் கொண்டே புதிய திட்டம் தீட்டினீர்கள். கல்விப் பேரவையில் ஓர் உறுப்பினர் கேட்டார்: "இலுப்பூர்ல ஒக்காந்துக்கிட்டுக் கடல் படிப்பு எதுக்குங்க?" தாங்கள் விடை சொன்னீர்கள்: "அதேதாங்க நானும் கேக்குறேன். இலுப்பூர்ல வேணாம். கரைக்கே கொண்டு போயிருவோம். தமிழ்லயும் எழுதலாம்னு விடுவோம். பொம்பளப் புள்ளைக தங்க ஒரு விடுதி வைப்போம். அப்பறம் வராட்டி என்னையக் கேளுங்க."

பேரவை இசைந்தது. வந்தார்கள்! கோட்டைப்பட்டினத்துப் பிள்ளைகளோடு, கடலையே காணாத மேற்குப்புறத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். சேர்க்கைப் பட்டியலின் முதல் பெயர் ஷிஃபா. திறப்பு விழாவுக்கு வந்த மரியசெல்வம் ஐயா, மேடைக்கு அழைத்தும் ஏறாமல், கடைசிப் பலகையில் அமர்ந்து முதல் பாடத்தை முழுதும் கேட்டுச் சென்றார். பட்டப்படிப்பைத் தொடர்ந்து முதுகலை வந்தது. முதுகலையைத் தொடர்ந்து முனைவர் பட்ட ஆய்வு வந்தது. கடற்புல் வளர்ப்பும் கடலோர மேலாண்மையும் தனித்தனிப் படிப்புகளாயின. ஷிஃபா இன்று அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இதோ, இரண்டாம் வரிசையில் யாக்கூபின் அருகே அமர்ந்திருக்கிறார். இந்த மடலை அவசரமின்றி வாசிக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

எங்கள் அன்னையே! தங்களிடம் குறையே இல்லை என்று எழுதினால் ஆய்வக உதவியாளர்கள் இம்மடலில் கையெழுத்திட மாட்டார்கள். கண்ணாடிக் குடுவையை ஈரத்தோடு அடுக்கினால் தங்களுக்கு வரும் கோபத்தைக் காட்டிலும் ஐப்பசிக் கடல் அமைதியானது. ஆனால் கோபித்த கையோடு அனைவருக்கும் கடலைமிட்டாய் பகிர்ந்தளிக்கும் தலைவியை வேறெந்தத் துறை பெற்றது!

சென்ற மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். மாணவர்களோடு ஆவுளியாக் கணக்கெடுப்புக்காகப் படகில் சென்றோம். நண்பகல், காற்றில்லை, கடல் கண்ணாடியாய்க் கிடந்தது. திடீரென்று படகைச் சுற்றி ஒரு மூச்சு, அப்பால் இன்னொன்று, இடப்பக்கம், வலப்பக்கம், எங்கும் மூச்சு. ஒரு மந்தையே மேலெழுந்து வந்திருந்தது. முதுகுகள் வெயிலில் மின்னின. எங்களுக்குப் புல்லரித்தது. அன்றைய கணக்குப் பொறுப்பிலிருந்த மாணவி கலைமதி பரபரப்பாகப் பேனாவைத் திறந்து, "மேடம், எத்தனைன்னு எழுத?" என்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் எங்களை எண்ணச் சொன்ன, எண்ணியதை மறுபடி எண்ணச் சொன்ன தாங்கள், அவள் தோளில் கைவைத்துச் சொன்னீர்கள்:

"இப்ப எண்ணாதம்மா. சும்மா பாரு."

பேராசிரியப் பெருந்தகையே! அந்தச் சொல்லையே தங்களுக்கு வாழ்த்தாக்குகிறோம். நூறாண்டு என்று எண்ணிச் சொல்ல மாட்டோம். நோயின்றி, நோவின்றி, எண்ணாமல் வாழுங்கள். கடலைச் சும்மா பார்த்துக்கொண்டே வாழுங்கள்!

வியப்பு மாறாத நெஞ்சங்களுடன்,
கடல்வாழ் உயிரியல் துறையின் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், அலுவலர்கள், ஆய்வக உதவியாளர்கள், படகோட்டிகள்
தென்வெள்ளாற்றுப் பல்கலைக்கழகம்
இலுப்பூர் – கோட்டைப்பட்டினம்