சமைச்சவ முதல்ல சாப்பிட்ட கதை

...விலா எலும்பைத் தேடாதீங்க ஆட்டுக்காரண்ணே, கிடைக்காது. அவ்ளோ கொழுப்பு! உடம்புலயும்தான், மனசுலயும்தான். கயித்தைப் புடிச்சு ஓட்டிட்டுப் போங்க, இனி இது என் கண்ணுல படக் கூடாது. ஏன் விக்கிறேன்னுதானே கேக்குறீங்க? கேக்கலையா? சரி, சொல்றேன்.

போன வாரம் எங்க மகளிர் சங்கத்துக்கு ஒரு நர்ஸம்மா வந்துச்சு. குடும்பம் குடும்பமா எடை பாத்துச்சு. எங்க வீட்டுக்காரரும் ரெண்டு மகனுங்களும் ஏறுறாங்க... ஐயோ, முள்ளு அசையவே மாட்டேங்குது! "வீட்ல என்னம்மா சமைக்கிறீங்க?"ன்னு கேக்குது. என்னைப் பாத்து! சங்கத் தலைவியைப் பாத்து! கீரை, பருப்பு, முட்டை, பூசணி, வேர்க்கடலை, வாழைப்பழம்... எது சத்துன்னு சொன்னாலும் அன்னிக்கே என் பானைக்குள்ள போயிரும். ஒரே பானைதான். விடிஞ்சதும் களை எடுக்கணும், மாட்டுக்குத் தண்ணி காட்டணும், இதுல கீரைக்கு ஒரு சட்டி, பழத்துக்கு ஒரு தட்டுன்னு வைக்க எனக்கென்ன பத்து கையா? உள்ள போனா எல்லாம் ஒண்ணாத்தானே ஆகப்போகுது! என்ன, மூஞ்சி அப்படிப் போகுது? வெயிலா? நிழலுக்கு வாங்க.

எங்க விட்டேன்... ஆங், நர்ஸம்மா. "வீட்ல கடைசியா சாப்பிடறது யாரு?"ன்னு கேட்டுச்சு. நாப்பது பொம்பளைங்களும் கை தூக்கினோம். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! வெதைக்கிறது நாம, அறுக்கிறது நாம, ஆக்குறது நாம, சட்டி சுரண்டுறதும் நாமளா? எந்திரிச்சுட்டேன். "நாளையிலேர்ந்து சமைச்சவங்கதான் முதல்ல சாப்பிடணும், மத்தவங்க காத்திருக்கட்டும்!" ஒரே கைதட்டல்! இப்பப் பாருங்க, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரே வாரத்துல கன்னம் மினுங்குது.

நானும் உக்காந்தேண்ணே. வீட்டுக்காரரு வழக்கமா உக்கார்ற இடத்துல, ஜன்னலோரமா. எப்பவும் கல்லைத் தின்னாலும் செரிக்கிற பசியில நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு எந்திரிக்கிறவ நான். ருசி பாக்க ஏது நேரம்? அன்னிக்குத்தான் நிதானமா முதல் வாய் வெச்சேன். வெச்சேனா... எப்படிச் சொல்றது... வாழைப்பழத்துக்கு நடுவுல முட்டை... வேணாம், விடுங்க. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. மூணு ஆம்பளைங்களும் சுவத்தையே பாத்துட்டு நிக்கிறாங்க. அப்பத்தான் ஜன்னல் வழியா ஒரு தலை உள்ள வருது. இந்தத் தலைதான்! வாயை 'ஆ'ன்னு தொறந்துக்கிட்டு!

புரிஞ்சுதா? கல்யாணமான நாள்லேர்ந்து பத்தொம்பது வருஷமாண்ணே! இதுக்கு முன்னாடி இதோட அம்மா, அதுக்கு முன்னாடி அதோட அம்மா... பரம்பரையா இந்த ஜன்னலடியில நின்னு என் சோத்தைத் தின்னுருக்குங்க! "என் வீட்டுல தட்டு தொடைச்ச மாதிரி இருக்கும்"னு சங்கத்துல பெருமையடிச்சவ நான்! "ஏன்யா சொல்லல?"ன்னு கத்தினா, "வயல்லேர்ந்து வந்து காலைக்கூட கழுவாம அடுப்புல நிக்கிற. உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"ங்குறாரு மனுஷன். அழுகையா வந்துச்சுண்ணே. நிசமாவே அழுதேன்.

அதோட விட்டாரா? "இனி நானே சமைக்கிறேன்"னுட்டாரு. தனித்தனிச் சட்டியில, உப்பு ஒறைப்பு பாத்து... நல்லாவும் இருக்கு, பாவி! ஆனா சமைச்சவங்கதானே முதல்ல சாப்பிடணும்? அவரு உக்காந்துடறாரு. அப்புறம் மகனுங்க. நான் வயல்லேர்ந்து வரதுக்குள்ள எல்லாம் காலி. பழையபடி சட்டி சுரண்டுறேன்! சட்டத்தை மாத்தலாம்னா, போட்டவளே நான்... நாப்பது பேரும் சிரிக்க மாட்டாங்களா?

எல்லாம் இதாலதான்! இது தலையை நீட்டாம இருந்திருந்தா... ஏய், என்ன கையை நக்குற? நேத்து அவரு சமைச்சதை மகனுங்க வழிச்சு நக்குறாங்க, இது மட்டும் மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சுண்ணே. என்னையே பாத்துட்டு நின்னுச்சு. என் சமையலை ஆசைப்பட்டுத் தின்ன ஒரே ஜீவன்...

கயித்தை விடுங்க. விடுங்கண்ணே, விக்கலை! வீணா அலைய வெச்சுட்டேன், வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன். போற நாளாச்சேன்னு இதுக்காகவே இன்னிக்கு ஒரு பானை வெச்சிருக்கேன், உங்க ரெண்டு பேருக்கும் போதும். உக்காருங்க, தட்டு எடுத்துட்டு வரேன்... அண்ணே? அண்ணே! அட, செருப்பையாவது போட்டுக்கிட்டு ஓடுங்கண்ணே!