தலப்பா கட்டுன ஜெனரல்

இல்ல அண்ணாச்சி, நான் பிள்ளைக கல்யாணத்தப் பத்திப் பேச வரல. நின்னது நின்னு போச்சி. பங்காளி முறைன்னு ரெண்டு பக்கத்துப் பெரியாளுகளும் சொன்ன பெறகு மாத்திப் பேச நான் யாரு? போன மாசம் வர சம்மந்தின்னு கூப்பிட்ட வாயி இப்பம் அண்ணாச்சின்னு கூப்பிடுது, அம்புட்டுத்தான். நீங்க பாட்டுக்கு மொளகா வத்தல் காம்பக் கிள்ளுங்க. எனக்குத் தும்மல் வந்தா வந்துட்டுப் போவுது. கோவில்பட்டியில இருந்து பஸ் ஏறி எப்போதும்வென்றான் வரைக்கும் நான் வந்தது ஒரு அமெரிக்காக்காரனப் பத்திச் சொல்லதுக்கு.

ஆமா, அமெரிக்காக்காரன்தான். செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சி. பேரு என் வாயில நொழையாது. அவன எனக்கு எப்பிடித் தெரியும்ங்கியளா? என் போட்டோ ஸ்டுடியோவுக்குப் பக்கத்துல பழைய பேப்பர் கடை இருக்குல்லா, அங்க ஒரு நாள் தலகாணி மொத்தத்துல ஒரு இங்கிலீசு புக்கு கெடந்தது. படம் நல்லாருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன். ரிட்டையர் ஆன வாத்தியாரு கண்ணுசாமி சார் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவரு, உக்காந்து வாசிச்சு அர்த்தம் சொன்னாரு.

ஆளு மொதல்ல வக்கீலு. கேசு ஒண்ணும் தேறல. ஆனா மைக் செட்டு இல்லாத காலத்துலயே மூணு தெருவுக்குக் கேக்க மாதிரிப் பேசுவானாம். அப்பம் அரசியலுக்குத்தான போவான்? ரெண்டு எலக்சன் தோத்தான். மூணாவதுக்குக் கச்சி மாறி நின்னு ஜெயிச்சான். ஜெயிச்சதும் பழைய கச்சிக்கே போயிட்டான். சிரிக்காதிய, இது அமெரிக்கால நடந்தது, நம்ம யூனியன்ல இல்ல.

அந்தச் சமயத்துல அங்க வடக்கத்தியானுக்கும் தெக்கத்தியானுக்கும் சண்ட மூண்டுட்டு. மனுசன அடிமையா வச்சிருக்கலாமா கூடாதாங்கதுல வந்த சண்ட. இவன் வடக்கு. நேரா ஜனாதிபதிகிட்ட போயி, எங்க ஜில்லாவுல நான் கையக் காட்டுனா ஆயிரம் பேரு வருவான்னுருக்கான். அவரும், சரி, அப்பம் நீ ஜெனரலுன்னுட்டாரு. துப்பாக்கில எந்தப் பக்கமா குண்டு வரும்னு தெரியாத ஆளுக்குத் தோள்பட்டைல நட்சத்திரம், பாத்துக்கிடுங்க.

மொதச் சண்டைக்கு ஆயிரம் பேரையும் கூட்டிக்கிட்டுப் போயி வழி தப்பிட்டான். ஒரு மக்காச்சோளக் காட்டுல பொழுதன்னைக்கும் எதிரி வருவான் வருவான்னு நின்னுருக்கான். சண்ட எட்டு மைலுக்கு அங்கிட்டு நடந்து முடிஞ்சிட்டு. ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல, சோளந்தான் காலி. ரெண்டாவது சண்டையில வெடிச் சத்தத்துக்குக் குதிரை மெரண்டு, இவனத் தூக்கிக்கிட்டு எதிரியப் பாத்தே ஓடுது. ஏலே நிப்பாட்டுங்கலேன்னு இவன் கத்துதான். பின்னால நின்னவனெல்லாம், ஆகா தலைவரு முன்னால போறாருன்னு வெரட்டி ஓடியாரான். எதிரி பயந்து எடத்தக் காலி பண்ணிட்டான். மறுநாப் பேப்பர்ல சிங்கம்னு போட்டுட்டானுக. மூணாவது சண்டைக்கு முந்துன நாளு குதிரைல ஏறப் போயி விழுந்து கால் முறிஞ்சி போச்சி. அந்தக் காலக் காட்டித்தான் அடுத்த எலக்சன்ல ஓட்டுக் கேட்டான். தோத்துட்டான். ஏன்னா எதுத்து நின்னவனுக்கு ஒரு காலே கெடையாது.

இத எதுக்கு ஒங்ககிட்ட வந்து சொல்லுதேன்னுதான பாக்கிய? படத்துக்கு வாரேன். தோத்த பய படந்தான், ஆனா என்ன கம்பீரம்ங்கிய! கன்னம் வர எறங்குன மீச, பித்தளைப் பொத்தான், கையில வாளு.

அப்பம் நம்ம கடைக்கு வாரவுக பாதிப் பேரு கேட்டது செத்தவுக படம். சம்மந்தம் பேசி வீடு பாக்க வாரவுக மொதல்ல பாக்கது சுவரத்தான? அங்கன மூத்தவுக படம் இல்லன்னா ஒரு மாதிரியாப் பாப்பாவ. இந்தக் கரிசக்காட்டுல பூட்டன் காலத்துல போட்டோவுக்கு எங்க போறது? சாடை சொல்லுங்க, வரஞ்சு தாரேம்பேன். ஒரு நாள் ஒருத்தரு வந்தாரு. எங்க பூட்டன் சாடை யாருக்குமே தெரியாது, யாரா இருந்தாலும் சரி, பாத்தா நாலு பேரு எந்திரிச்சு நிக்கணும்னாரு. எனக்குச் சட்டுன்னு அந்தப் புக்கு ஞாபகம் வந்துட்டு. ஜெனரலக் காப்பி எடுத்துப் பெருசாக்கி, நட்சத்திரத்த அழிச்சி, தலப்பா கட்டி, நெத்தி நெறைய துண்ணூறு பூசி விட்டேன். வாள அழிக்க மட்டும் மனசு வரல.

எங்க எந்திரிக்கிய? உக்காருங்க அண்ணாச்சி. இன்னும் முடியல.

படம் காயும்போது என் வீட்டுக்காரி முத்துத்தாய் பாத்துட்டா. ஊருக்கெல்லாம் பூட்டன் வரையுதிய, நம்ம சுவரு மொட்டையாக் கெடக்கேன்னா. இன்னொரு காப்பி போட்டு எங்க வீட்லயும் மாட்டிட்டேன். அவ பாத்ததே எங்க பூட்டன் படந்தான், நமக்காக வரஞ்சதுன்னு அவகிட்டயே அளந்துட்டேன். பதினாலு வருசமா ஆடி அமாவாசைக்கு அவனுக்கு வட பாயாசத்தோட எலை போடுதோம்.

மூணு வாரத்துக்கு முன்னால இந்த வீட்டு வாசப்படி ஏறுனதும் ஒங்க சுவத்துப் படத்தப் பாத்து என் மாமியா பெருமாயி கத்துனாளே, ஏட்டி, இது எங்க மருமவன் பூட்டன்லான்னு, அப்பமே நான் சொல்லியிருக்கணும். குலசாமி வேற வேறதானன்னு ஒருத்தர் கேட்டாரு. பஞ்சத்துல பிரிஞ்ச கூட்டமா இருக்கும், சாமியும் மாறியிருக்கும்னு ஒங்க சித்தப்பா முடிச்சிட்டாரு. அம்புட்டுச் சனத்துக்கு முன்னால, அது பூட்டன் இல்ல, எலக்சன்ல தோத்த அமெரிக்காக்காரன்னு எப்பிடிச் சொல்ல? வெக்கம் பிடுங்கித் திங்குது அண்ணாச்சி.

எம்மவ செல்வமாரி மூணு வாரமா ஒரு வாய் ஒழுங்காத் திங்கல. ஒங்க மவன் சுந்தரபாண்டி என்ன பண்ணுதான் தெரியுமா? முக்காவாசி நாளு பைக்க எடுத்துட்டு வந்து எங்க கடையில பாஸ்போர்ட் சைஸ் எடுக்கான். அவ எட்டிப் பாக்க மாட்டாளான்னு. இதுவர பதினேழு தடவ எடுத்துட்டான். ஒவ்வொண்ணுலயும் மூஞ்சி இன்னுங்கொஞ்சம் வாடியிருக்கு. அத என்னால டச்சிங் பண்ணி மறைக்க முடியல.

அதான், நேத்து எங்க வீட்டுப் படத்த எறக்கிட்டேன். முத்துத்தாய்கிட்ட அது நம்ம பூட்டன் இல்லன்னு சொல்லிட்டேன், அவ பேச்ச நிப்பாட்டிட்டா. பெரியாளுககிட்ட வேற மாதிரிச் சொல்லப் போறேன். எப்பிடின்னா, ஒங்க சுவத்துல இருக்கது ஒங்க அசல் பூட்டன். அந்தப் படம் என் கடைக்கு டச்சிங்குக்கு வந்த எடத்துல நான் களவாண்டு காப்பி போட்டு என் வீட்ல மாட்டிக்கிட்டேன். கள்ளன் நாந்தான். நமக்குள்ள பங்காளியும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒங்க படம் அங்கனயே இருக்கட்டும், வாளோட.

என்ன, கண்ணத் தொடைக்கிய? வத்தல் நெடியா? இருக்கும் இருக்கும். பெருமாயி கத்துன அன்னைக்கி வத்தலும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்பயும் இப்பிடித்தான் தொடச்சிய. நான் தரையப் பாத்தேன், நீங்களும் தரையப் பாத்திய. யாரா இருந்தாலும் சரின்னு அன்னைக்கிக் கடைக்கு வந்தது நீங்கதான? மீச இப்பம் நரச்சிட்டு, அதான் அடையாளம் தெரிய எனக்கு மூணு வாரம் ஆச்சி.

முத்துத்தாய்கிட்டக்கூட அத நான் சொல்லல. கையக் கழுவிட்டு அந்தக் காலண்டர எடுங்க சம்மந்தி, நாளப் பாப்போம். எங்க வீட்ல ஆணி சும்மாதான் இருக்கு. பிள்ளைக கல்யாணப் போட்டோவ நானே எடுத்து அதுல மாட்டிக்கிடுதேன், டச்சிங் இல்லாம.