முப்பத்தோரடி ஆழத்தில் ஒரு கடல்

ஊற்றுக்கண் அறிந்த உழைப்பாளரே, கீழ்மண்ணின் குணம் கண்டவரே, புதுச்சேரி மண்ணை முப்பத்து மூன்று ஆண்டுகள் அடியடியாய் அளந்து எண்ணற்ற ஊர்களின் தாகம் தணித்தவரே, பணி நிறைவு பெறும் மேற்பார்வையாளர் திரு. கோவிந்தராசு அவர்களே!

தங்கள் நேர்மையையும் நேரந்தவறாமையையும் முதலியார்பேட்டையில் உள்ள நம் அலுவலகம் அறியும். தாங்கள் வீட்டில்கூடச் சொல்லியிராத ஒன்றை, 2004 கோடையில் நடந்ததை, இங்கே வந்திருக்கும் தங்கள் குடும்பத்தாருக்கு நாங்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அந்த ஆண்டு மேற்கே ஒரு சிற்றூரில் பொதுக்கிணறு வெட்டும் வேலை கோவிந்தராசுவிடம் இருந்தது. ஊரின் ஒரே அடிபம்பு வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தோரடியில், சாம்பல் நிறக் களிமண்ணில், கிணறு வெட்டும் அம்மாவாசையின் கடப்பாரைக்குப் பக்கத்தில் ஒரு பல் தட்டுப்பட்டது. விரல் நீளம், கருத்து, வளைந்து, கூராக இருந்தது.

"புலிப்பல்லுண்ணே. பேத்தி கழுத்துல கட்டப்போறேன்" என்றார் அம்மாவாசை.

கோவிந்தராசு அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். புலி செத்தால் மேல்மண்ணில் அல்லவா கிடக்க வேண்டும்? இந்தக் கெட்டிக் களிக்குள் இவ்வளவு ஆழத்துக்கு எப்படி வந்தது? வேலையை நிறுத்திவிட்டு, துறையின் நிலவியல் அலுவலர் ஹேமலதாவுக்குப் போன் செய்தார்.

மறுநாள் ஹேமலதா கிணற்றில் இறங்கித் தூரிகையால் களியைத் துடைக்கத் துடைக்க, வட்டவட்டமாய் முதுகெலும்புகள் வரிசையாகத் தெரிந்தன.

"இது புலி இல்லண்ணே. கடல்ல நீந்துன பெரிய பல்லி மாதிரி ஒண்ணு. ஆறரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால. நாம நிக்கிறது அந்தக் கடலோட அடித்தரை."

"அப்ப புலி எங்க இருந்துச்சு மேடம்?"

"எங்கயுமே இல்ல. புலி வந்தே இருபது லட்சம் வருஷந்தான் இருக்கும். ஆசியாவுல எங்கயோ உண்டாகி, நம்ம பக்கம் வந்தது அதுக்கும் ரொம்பப் பின்னாடி."

கோவிந்தராசு நிமிர்ந்து பார்த்தார். வானம் ஒரு தட்டளவு தெரிந்தது. தாம் நிற்கும் இடத்தில் அலையடித்திருக்கிறது, அதைக் காண ஒரு மனிதக் கண்ணும் இல்லை என்று எண்ணியபோது அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை காலம் தோண்டி எறிந்த மண்ணில் என்னென்ன போயிற்றோ என்று காலடிக் களியை ஒரு பிடி அள்ளி விரலால் துழாவினார். அம்மாவாசை பல்லை ஹேமலதாவிடம் கொடுத்துவிட்டார்.

எலும்புகள் உடையாமல் எடுக்க மூன்று நாள் வேண்டியிருந்தது. மேலே பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள். கோவிந்தராசு அவர்களிடமே கேட்டார்.

"மூணு நாளைக்கு வெட்டக்கூடாது. அதுவரைக்கும் டிராக்டர்ல தண்ணி கொண்டாறேன். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே வெட்டச் சொல்றேன்."

செல்வாம்பாள் என்பவர் குடத்தைக் கீழே வைத்தார். "நான் எறங்கிப் பாக்கலாமா?"

இறங்கிப் பார்த்து ஏறி வந்தவர் மற்றவர்களிடம் சொன்னார்: "நம்ம கொல்லைக்கு அடியில இம்மாம் பெருசு படுத்துக் கெடந்திருக்குடி. எடுக்கட்டும். நாலு நாள் ஆனாலும் ஆவட்டும்."

கோவிந்தராசு சொன்ன சொல் தவறவில்லை. விடிந்ததும் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை, தாமே டிராக்டரில் உட்கார்ந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இருபத்தாறு எலும்புகள் ஈரச்சாக்கு சுற்றி மேலே வந்தன. ஐந்தாம் நாள், இன்னும் நாலடி இறங்கியதும் மணல் தட்டி ஊற்று பீறிட்டது.

ஐயா, அறுபது நிறைந்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்தபோது, "அறுபதெல்லாம் ஒரு வயசாப்பா?" என்று சிரித்தீர்கள். மண்ணுக்கு அது ஒன்றுமில்லைதான். எங்களுக்கோ, தாங்கள் எங்களோடு கழித்த முப்பத்து மூன்றும் பெரிது. நலம் குன்றாமல் நெடுங்காலம் வாழுங்கள்.

என்றும் அன்புடன்,
கிணறு வெட்டும் பிரிவுப் பணியாளர்கள்
புதுச்சேரி, 2009