வெளுத்துப்போன பவளம்

ரயிலில் பார்த்த ஒரு மாணவர் செய்தது சரியா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை ரயில். என் மடியில் குழந்தை. எதிரே மீனவப் பெண் ஒருத்தி, மடியில் தண்ணீர்க் குடம். அவள் பக்கத்தில் கடலுயிர் பற்றிப் படிக்கும் கல்லூரி மாணவர்.

"கல்லுக்கு எதுக்குக்கா தண்ணி?" என்றார் அவர், குடத்தை எட்டிப் பார்த்து.

"கல்லுன்னு சொல்லாத தம்பி, உசுரு. தெக்க மண்டபம் ஊருக்கு வேலைக்குப் போனப்ப எங்க வூட்டுக்காரரு கொண்டாந்தாரு. வூட்ல வுட்டா மாமியா தூக்கிக் கடாசிடும்."

"மான்கொம்புப் பவளம். ஒவ்வொரு குழியிலயும் ஒரு பூச்சி குடியிருக்கும். ராத்திரில கை நீட்டி எரை புடிக்கும்."

"அவரும் அதத்தான் சொன்னாரு. தெனம் கடத்தண்ணி மாத்தறேன். தவிட்டு நெறமா இருந்துது, இப்ப வெளுத்துப்போச்சு."

மாணவர் கைபேசி வெளிச்சத்தைக் குடத்துக்குள் அடித்துப் பார்த்தார்.

"அவரு கட்டுமரத்துல கடலுக்குப் போயி ஆறு மாசம் ஆவுது, இன்னும் திரும்பல. இது உசுரோட இருக்கறமுட்டும் தாலியக் கழட்ட மாட்டேன்னு சொல்லிட்டேன். படிச்ச புள்ள, நீ சொல்லு. இருக்குதா?"

அவர் குனிந்து குடத்துக்குள் இன்னொரு முறை பார்த்தார். பரங்கிப்பேட்டை வந்தது.

"தெளிஞ்ச தண்ணியா பாத்து ஊத்துங்கக்கா," என்று சொல்லி இறங்கிவிட்டார்.

இப்படி முழுக்க வெளுத்தால் பவளம் பெரும்பாலும் செத்து, வெறும் எலும்புதான் மிச்சம் என்று நானும் படித்திருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. அவள் கிள்ளையில் இறங்கினாள், தண்ணீர் தளும்பாமல்.

கிள்ளை சின்ன ஊர். விசாரித்தால் அவள் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். போய் உண்மையைச் சொல்லட்டுமா, விட்டுவிடட்டுமா? வாசகர்களில் யாராவது அவள் நிலையில் இருந்திருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.